உம் கொட்ட ஓர் ஆள்

கவிராயரின் தோட்ட வீட்டை நினைவு இல்லமாக்க ஆள் தேடியபோது வித்யாலக்ஷ்மிதான் முந்திக்கொண்டாள். கணவன் இறந்து ஒரு வருடம். கல்லூரியில் தமிழ் நடத்தியவளுக்குப் பெரிய புலவரின் வீட்டிலேயே தங்கி, அவருடைய சாமான்களை ஒழுங்கு செய்கிற வேலை கசக்குமா என்ன? ஆறு வயது மகள் ஹம்ஸினியோடு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். சுற்றிலும் வயல், விடாத ஐப்பசி மழை. வீட்டுச் சாவியை வைத்திருந்த இசக்கித்தாய் அதைக் கையில் கொடுத்தாளே தவிர, வாசற்படி ஏறவில்லை.

கதவைத் திறந்ததும் வெற்றிலை வாசனை அடித்தது. யாரோ இப்போதுதான் மென்றுகொண்டிருந்த மாதிரி.

மறுநாள் சாயங்காலம் மின்சாரம் போயிற்று. அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு நடு அறையிலிருந்து குழந்தையின் குரல் கேட்டது.

"ம்."

கொஞ்சம் இடைவெளி.

"ம்."

எட்டிப் பார்த்தாள். கவிராயரின் சாய்வு நாற்காலிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டிருந்தாள் ஹம்ஸினி. நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"யாருக்குடி உம் கொட்டிண்டிருக்கே?"

"தாத்தாக்கு. நிறுத்தினா கோச்சுக்கறார்மா."

பிள்ளை விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் சோறு ஊட்டும்போதும் வாயில் கவளத்தோடு "ம்" வந்தது. தூங்கிய பிறகும் வந்தது. விடிந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. மூக்கருகே விரலை வைத்தாள்.

ஒரு உம்முக்கும் அடுத்த உம்முக்கும் நடுவில் மூச்சே இல்லை.

அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படியைத் தாண்டியதும் உம் நின்றது. குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. பதறிப்போய் உள்ளே திரும்பி, நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"ம்."

பால் கொண்டுவந்த இசக்கித்தாய் வாசலில் நின்றபடி இதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த தூக்குச்சட்டி நழுவியது.

"ஐயோ, பாப்பாவையா புடிச்சுட்டாவ!" வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "கண்ணு போன பொறவு கவிராயரு வாயாலதாம்மா பாட்டு கட்டுவாவ. ஒவ்வொரு அடிக்கும் அவுக வீட்டம்மா எதுக்க இருந்து உம் கொட்டணும். கேக்க ஆளு இல்லன்னா பாட்டு வராதாம். ராவும் பகலும் உம் கொட்டி, உக்காந்த மேனிக்கே அந்தம்மா செத்துட்டாவ. செத்த பொறவும் உம் கேட்டுச்சுன்னு எங்கம்ம சொல்லுவா."

"இவளை எப்படி மீட்கறது? சொல்லுங்கோ."

இசக்கித்தாய் தரையைப் பார்த்தாள்.

"வேற ஆளு உக்காந்தா விட்ருவாவளோ என்னவோ..."

வித்யாலக்ஷ்மி மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"எங்க அண்ணா அம்பாசமுத்திரத்துல இருக்கான். இவளை அங்கே கொண்டு விட்டுடுங்கோ. அழுதாலும் திரும்ப இங்கே கூட்டிண்டு வராதீங்கோ."

இசக்கித்தாய் முதல் தடவையாகப் படியேறி உள்ளே வந்தாள். வித்யாலக்ஷ்மி நாற்காலிக்கு எதிரே அமர்ந்தாள். குழந்தையின் உதடு பிரிய ஆரம்பித்தபோது அதைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, தானே உம் கொட்டினாள்.

"ம்."

ஹம்ஸினி இருமினாள். நீளமாய் மூச்சை இழுத்தாள். கன்னத்தில் இரத்தம் ஏறியது.

"அம்மா, பசிக்கறது."

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. இசக்கித்தாய் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வரப்பு நெடுக "அம்மா, அம்மா" என்ற அழுகை கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். ஒரு தரம் திரும்பிப் பார்க்கக்கூட வித்யாலக்ஷ்மியின் கழுத்து அசையவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. நாற்காலியிலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு சீராக.

தமிழ் படித்தது வினையாகப் போயிற்று. முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையாரை வணங்கும் காப்புச் செய்யுள். காவியம் தொடங்கும் முன் புலவர்கள் பாடுவது.

ஆள் மாறியதால் கவிராயர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

"ம்," என்றாள்.