கைக்குள் கொத்துச்சாவி

சுடுகாட்டில் போன் அலறியது!

சுபத்ரா எடுத்தாள். கோலாலம்பூரிலிருந்து, கணவனுக்கு மண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டர் யோகேஸ்வரி. இரண்டே வாக்கியம். கேட்டாள்... இன்ஸ்பெக்டர் மகேனுக்கு ஒரு மெசேஜ் தட்டினாள்.

"நிறுத்துங்க! கொளுத்தாதீங்க!"

கொள்ளியைத் தூக்கிய சுடுகாட்டுக்காரர் செல்லையா அப்படியே நின்றார்.

சிதையில் அவள் கணவன் புனிதன். முந்தாநாள் தேயிலை பாக்டரிக்குப் பின்னால் ஓடையில் பிணமாகக் கிடந்தவன். கைக்குள் ஒரு கொத்துச்சாவி.

'வலிப்பு வந்து விழுந்தான்' என்றார் பாக்டரி கணக்கைப் பார்க்கும் கிராணி அமிர்தலிங்கம். அதோடு முடிந்தது விசாரணை. வலிப்புக்காரன் சாவுக்கு எந்தக் காலத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருக்கிறார்கள்?

"பொம்பளைய சுடுகாட்டுக்குள்ள விட்டா இப்படித்தான் லா!" கிராணி சிரித்தார். "கொளுத்துங்க. மழை இறங்குது."

"கிராணியாரே, வலிப்பு வந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"ரெண்டு கண்ணால! அஞ்சு நிமிஷம் இழுத்துச்சு. என் சாவிக்கொத்தைக் கையில திணிச்சேன். இரும்புக்கும் அடங்கல. உருண்டு ஓடையில போயிட்டான்."

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட வரலையே?"

"மண்டைய அறுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா? வலிப்புக்காரன் வலிப்புக்காரன்தான்!"

கூட்டத்தில் சிரிப்பு. கிராணி சிரித்தால் சிரிப்பதற்கென்றே தொழிலாளர் லயத்தில் நாலு பேர் உண்டு.

சுபத்ரா பாதையைப் பார்த்தாள். இன்னும் வண்டியைக் காணோம்...

"அவர் மண்டை ஓட்டுல ஒரு சின்னப் பெட்டி வெச்சாங்க. மூளையில மின்சாரம் எப்படி ஓடுதுன்னு பதிவு பண்ற பெட்டி. உள்ள பேட்டரி. நெருப்பு பட்டா வெடிக்கும்!"

செல்லையா ஒரே தாவில் பத்தடி பின்னால் போனார். சிரித்த நாலு பேர் அவருக்கும் பின்னால்!

கிராணியின் முகம் மாறியது. "பதிவா...?"

"ஆமா. ஒவ்வொரு வலிப்பும் நேரத்தோட அதுல ஏறும்."

"கொண்டா கொள்ளிய!"

பிடுங்கினார். சிதையை நோக்கிப் பாய்ந்தார்...

கிறீச்!

போலீஸ் வண்டி. குதித்து இறங்கிய மகேன் கொள்ளியைத் தட்டிவிட்டார்.

"என்ன அவசரம், கிராணியாரே? உடம்பை மறுபடி பரிசோதிக்கணும். அப்புறம்... பெட்டி அங்க இல்ல, சுபத்ராவுக்கும் அது தெரியும். பிணவறையிலேயே எடுத்தாச்சு. எரிக்கிற உடம்புன்னா பேட்டரிய எடுத்துட்டுத்தான் குடுப்பாங்க. புதைச்சிருந்தா மண்ணோட போயிருக்கும்."

"நான் புதைக்கலாம்னுதான் சொன்னேன்," என்றாள் சுபத்ரா. "எரிச்சே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது இவர்தான்!"

"டாக்டர் பதிவைப் படிச்சுட்டாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரு வலிப்புகூட இல்ல. அப்ப போலீஸ்ல நீங்க சொன்ன அஞ்சு நிமிஷ வலிப்பு எது?" மகேன் கேட்டார்.

கிராணி பாதைப் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"பாக்டரி மோட்டாரைக் கழட்டி நீங்க லோரியில ஏத்தினதை அவர் பார்த்தார்," சுபத்ராவின் குரல் இறுகியது. "என்கிட்ட சொன்ன மறுநாள் பிணம். அடிச்சுத் தள்ளிட்டு, கையில சாவிய வேற வெச்சீங்க!"

விலங்கு பூட்டப்பட்டது. கிராணியின் இரண்டு கைகளும் உதறின... கடகடவென்று!

சுபத்ரா குனிந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க, கிராணியாரே. கையிலதான் இரும்பு குடுத்துட்டாங்களே... இப்ப நின்னுடும் லா!"