சொட்டுச் சொட்டாய் ஒரு சாட்சி

ட்ரிங்... ட்ரிங்...

பிணத்தின் சட்டைப் பைக்குள் போன் அலறியது!

சாயங்கால மங்கலில், கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் அவன் நின்றிருந்தான். போன் திரையில் ‘தங்கச்சி’.

செத்தவனுக்குத் தங்கை. அவனுக்கு மனைவி!

"உன் லீலையை எல்லாம் அவகிட்ட சொல்லப் போறேன்டா" என்று மச்சான் சொன்னதுதான் தாமதம். கையில் கிடைத்த ஜாக்கி லிவரால் மண்டையில் ஒரே போடு. போனை அணைத்தான். உடலைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பினால்...

காருக்கு அடியில் என்ஜின் ஆயில்!

"சனியனே! இங்கயுமா ஒழுகுவே?"

அந்தப் பழைய கார் நின்ற இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரும். காலால் மண்ணைத் தள்ளி அவசரமாக மூடினான்.

மறுநாள் காலையே உடல் கிடைத்துவிட்டது. வாசலில் அவன் மனைவியிடம் இன்ஸ்பெக்டர் பேசுவது அவன் காதில் விழுந்தது.

"பள்ளத்தோரம் ஆயில் சிந்தியிருக்கும்மா. ஒழுகுற வண்டி எதுன்னு தேடிட்டிருக்கோம்."

அவ்வளவுதான். பின்பக்கமாக நழுவி, சந்தில் நின்ற காரை ஒர்க்‌ஷாப்புக்கு விரட்டினான்.

"இப்பவே ஒழுகல் நிக்கணும்! உன் கால்ல வேணாலும் விழறேன்..."

"ஏன் சார் இப்படிப் பறக்கிறீங்க?" என்றான் மெக்கானிக். "வால்வ் கவர் கேஸ்கெட் மாத்தியாச்சு, அடி போல்ட் வாஷர் மாத்தியாச்சு. எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம எதை அடைக்கிறது?"

மெக்கானிக்கின் போன் ஒலித்தது.

"சொல்லுங்கம்மா... ஆமா, இங்கதான் நிக்குது... சரி."

"யாரு?"

"கஸ்டமர் சார்." மெக்கானிக்கின் முகம் மாறியிருந்தது. "இருங்க, பார்த்துடலாம்."

ஷட்டரை இறக்கினான். இருட்டு. நீல விளக்கு எரிந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பச்சையாக ஒரு கோடு ஜொலித்தது!

"பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு. நேத்து மத்தியானம் உங்க வீட்டம்மா வண்டியைக் கொண்டாந்தப்போ ஆயில்ல சாயம் கலந்து விட்டேன். ஓட்டிட்டு வாங்க, இந்த லைட்ல ஒழுகல் பளிச்சுனு தெரியும்னு சொன்னேனே... வீட்ல சொல்லலையா?"

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

நீல வெளிச்சம் மெல்ல அவன் பக்கம் நகர்ந்தது. ஷூவில் பச்சை! பேன்ட் ஓரத்திலும் பச்சை!

கடகடவென்று ஷட்டர் உயர்ந்தது.

இன்ஸ்பெக்டர். பக்கத்தில் அவன் மனைவி.

"சொல்ல மறந்துட்டேங்க..." அவள் குரல் உடைந்தது. "அண்ணன் போனை எடுக்கலையேன்னு நேத்து ராத்திரி புலம்பினப்போ, பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொன்னீங்களே... எப்படிங்க முடிஞ்சது?"



"அந்த லைட்டைக் கொடுப்பா, குவாரியிலயும் அடிச்சுப் பார்க்கணும்" என்றபடி இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"சார், சீல் மாத்தணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும். ரெண்டு நாள் ஆகும், பரவால்லையா?"

"நிதானமா செய்யுப்பா! ஓனர் திரும்பி வர எப்படியும் பதினாலு வருஷம் ஆகும்!"