நாலாம் பாத்தியின் முதல் நாலு வரிசை

குடுகுடுவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவள் நடந்து போய் யாராவது பார்த்திருந்தால்தானே கேட்பதற்கு? பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டம், தண்ணீர்க் குழாய்க்கும் ஓட்டம். தும்மல் வந்தால்கூட நிற்க மாட்டாள், ஓடிக்கொண்டே தும்முவாள். வயது பத்து.

அந்த வருடம் அவளுக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது.

மழையை மட்டுமே நம்பி விதைக்கிற ஊர் அது. மழை வந்தால் கம்பு விளையும். வராவிட்டால் காய்ந்த தட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குறைந்த மழையிலும் விளைகிற கம்பு எது என்று கண்டுபிடிக்க, விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அக்கா வந்தாள். குடுகுடுவின் அம்மாவிடம் நிலத்தில் ஓர் ஓரத்தைக் கேட்டு வாங்கி, நான்கு விதமான விதைகளை நான்கு பாத்திகளில் விதைத்தாள். ஒவ்வொரு பாத்தியிலும் பன்னிரண்டு வரிசை. தலைமாட்டில் எண் எழுதிய குச்சி.

அந்த அக்காவின் தோளில் எப்போதும் அளக்கிற டேப் தொங்கும். எதைப் பார்த்தாலும் அளப்பாள். ஒருநாள் குடுகுடுவின் தம்பி பக்கத்தில் நின்றபோது, ஏதோ நினைப்பில் அவனையும் அளந்து எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் டேப் அக்கா.

"இந்த நாலு பாத்திக்கும் மழைத் தண்ணி மட்டும்தான். வேற ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது. மழை இல்லாதப்ப எது தாங்குதுன்னு பாக்கத்தான் இவ்வளவு பாடும்" என்றாள் டேப் அக்கா.

"நாங்க குடிக்கவே குழாயடியில தவம் கிடக்கிறோம். கம்புக்கு யாரு ஊத்தப் போறா?" என்றாள் அம்மா.

டேப் அக்கா குடுகுடுவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். பாத்தி ஓரத்தில் கோடு போட்ட ஒரு மழை டப்பாவையும் நட்டு வைத்தாள். "தினமும் காலைல டப்பாவப் பாத்து, எவ்வளவு மழைன்னு எழுதணும். ஆடு வந்தா விரட்டணும். பாத்தியில என்ன நடந்தாலும் எழுதணும். சரியா?"

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, பாத்திகளைச் சுற்றி இரண்டு ஓட்டம் ஓடிவிட்டு வந்தாள் குடுகுடு.

செடிகள் வளர வளர அவற்றுக்கும் பட்டப்பெயர் வைத்தாள். விறைப்பாக நின்ற ஒன்றாம் பாத்தி வாத்தியார். இடுப்புக்கு மேல் வளராத இரண்டாம் பாத்தி குள்ளன். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சாய்ந்துகொள்கிற மூன்றாம் பாத்தி சோம்பேறி. நாலாம் பாத்திக்கு மட்டும் முதலில் பெயர் எதுவும் தோன்றவில்லை.

பிறகு மழை நின்றுபோனது.

நோட்டில் முதல் பக்கம் முழுக்க 'மழை இல்லை'. இரண்டாம் பக்கமும் அதேதான். பக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி ஒரு மேகம் வரைந்து வைத்தான். டேப் அக்கா அதைப் பெருமூச்சோடு ரப்பரால் அழித்தாள்.

கதிர் எட்டிப் பார்க்கிற சமயத்தில்தான் வெயில் உச்சத்துக்குப் போனது. நாலாம் பாத்தி பாதையை ஒட்டி இருந்தது. ஆட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டு போகும்போதெல்லாம் குடுகுடு அதைக் கடந்துதான் போக வேண்டும். இலைகள் சுருண்டு கிடந்தன. காற்றில் அவை உரசும் சத்தம்கூடத் தொண்டை வறண்டவர்கள் பேசுவதுபோல் இருந்தது. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு அந்தச் செடிகளைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"பாவம்" என்றாள். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

ஒருநாள் ஆட்டுத் தொட்டி நிரம்பியும் ஒரு குடம் மிஞ்சியது. குடுகுடு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு கைத் தண்ணீராக ஊற்றிக்கொண்டே போனாள். நாலாவது வரிசை முடிந்தபோது குடம் காலி. மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும். இரண்டே நாளில் இலைகள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நோட்டில் மட்டும் 'மழை இல்லை' என்றே எழுதினாள். அது பொய் இல்லையே. மழை இல்லைதானே?

அறுவடைக்கு முதல் நாள் சாயங்காலம் டேப் அக்கா வந்தாள். கூடவே பெரியம்மாவும் வந்தாள். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா, பக்கத்து நிலத்துக்காரி. போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு விதையை வாங்கி நிலம் முழுக்க விதைத்தாள். அத்தனையும் முழங்கால் உயரத்திலேயே கருகிப்போயின. வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்குச் செங்கல் சுமக்கப் போனவள், ஏழு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். அந்த ஏழு மாதமும் பூட்டிய கதவைக் கடக்கும்போது மட்டும் குடுகுடுவின் ஓட்டம் தானாக மெதுவாகிவிடும்.

பாதையில் நின்று பார்த்தால் நாலாம் பாத்தியின் முன்வரிசைகள்தான் கண்ணில் படும். டேப் அக்கா குனிந்து ஒரு கதிரை அளந்தாள். இன்னொன்றை அளந்தாள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

"இந்த வறட்சியில இப்படி ஒரு கதிரா? நான் எதிர்பாக்கவே இல்ல. நாளைக்கு எடை போட்டாத் தெரிஞ்சுடும், ஆனா நாலுதான் ஜெயிக்கும்போல இருக்கு."

"அப்ப எனக்கு நாலாம் நம்பர் விதையே குடும்மா" என்றாள் பெரியம்மா. "அடுத்த விதைப்புக்கு நிலம் பூராவும் அதையே போட்டுடறேன். இந்தத் தடவையும் காய்ஞ்சா, மறுபடி செங்கல் சுமக்க இந்த முதுகுக்குத் தெம்பு இல்ல. போனா போனதுதான், திரும்ப மாட்டேன்."

குடுகுடு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து போனாள். அதைப் பார்த்த அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. காலுல முள்ளு குத்திடுச்சா?"

"இல்லம்மா."

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொன்னால் டேப் அக்காவின் ஒரு வருட வேலை வீணாகிவிடும். சொல்லாவிட்டால் பெரியம்மா அந்த விதையை நிலம் முழுக்க விதைப்பாள். தினமும் குடம் தூக்கிக்கொண்டு போய் ஊற்ற அங்கே யார் இருக்கிறார்கள்? படுத்த பிறகும் அந்தப் பூட்டிய கதவுதான் அவள் கண்முன் நின்றது.

காலையில் அம்மாவும் பெரியம்மாவும் அரிவாளோடு நாலாம் பாத்தியில் இறங்கினார்கள். டேப் அக்கா பாத்திக்கு ஒரு சாக்காக நான்கு சாக்குகளை விரித்து வைத்துவிட்டு, தராசைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாக் கதிரும் ஒரே சாக்கில் விழுந்துவிட்டால் அப்புறம் எதையும் பிரிக்க முடியாது.

குடுகுடு ஓடினாள். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

"அம்மா, அறுக்காத. நாலாம் பாத்திய ஒரே சாக்குல போடாதீங்க."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"நான் தண்ணி ஊத்தினேன்."

அரிவாள்கள் நின்றன. டேப் அக்கா மெதுவாகத் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"அது பாவமா இருந்துச்சுக்கா. தினமும் ஒரு குடம் ஊத்தினேன். நோட்டுல எழுதல. அது நல்ல விதை இல்லக்கா. பெரியம்மாவுக்கு அதைக் குடுக்காதீங்க." அழுகை வந்துவிட்டது.

டேப் அக்காவின் பார்வை கதிர்களுக்குப் போனது. அவள் முகம் வாடிப்போயிருந்தது. "ஒரு வருஷ வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா குடுகுடுவின் காதை நோக்கிக் கையை நீட்டினாள். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

குடுகுடு மூக்கை உறிஞ்சினாள். "எல்லாத்துக்கும் ஊத்தலக்கா. குடம் நாலாவது வரிசையோட தீந்துடும். அஞ்சுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு சொட்டுகூட விழல. அதுக்குத்தான் ஓடி வந்தேன். தனியா அறுத்தா ஆகாதா?"

டேப் அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "தினமும் அதே நாலு வரிசையா? நிச்சயமா?"

"நீங்களே உள்ள போய்ப் பாருங்க."

டேப் அக்கா பாத்திக்குள் இறங்கினாள். ஒன்றிலிருந்து நாலு வரை கதிர்கள் முழங்கை நீளம். அதற்கு அப்புறம் விரல் நீளம்தான். அவள் டேப்பைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணாலேயே தெரிந்தது.

"அஞ்சும் ஆறும் வேண்டாம், மண்ணுக்குள்ள ஈரம் கசிஞ்சிருக்கும்" என்றாள். "எல்லாப் பாத்தியிலயும் ஏழுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் மட்டும் அறுத்து எடை போடுவோம். அப்பதான் நாலு பாத்திக்கும் ஒரே நியாயம்."

வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடித்தார்கள். ஒவ்வொரு சாக்காகத் தராசில் தொங்கவிட்டு, டேப் அக்கா எடையைச் சொல்லச் சொல்ல குடுகுடு நோட்டில் எழுதினாள். விறைப்பாக நின்ற வாத்தியார் பாதி சாக்குகூட இல்லை. சோம்பேறி எதிர்பார்த்த மாதிரியே. பாவம் எல்லாவற்றிலும் கடைசி. குள்ளனைத் தொங்கவிட்டபோது தராசின் முள் கடகடவென்று கீழே இறங்கியது.

"இந்தக் குட்டைப் பயலா?" என்றாள் அம்மா.

"இவன்தான்" என்றாள் டேப் அக்கா. "இதத்தான் தேறாதுன்னு நான் ஒதுக்கி வெச்சிருந்தேன்."

பெரியம்மா குள்ளனின் கதிர் ஒன்றைக் கையில் உதிர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு மணியும் கெட்டியாக இருந்தது. பிறகு குடுகுடுவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவே இல்லை.

"மூச்சு முட்டுது பெரியம்மா."

"முட்டட்டும்."

மிச்சமிருந்தது நாலாம் பாத்தியின் முதல் நாலு வரிசை. அதையும் தனியாக அறுத்து எடை போட்டாள் டேப் அக்கா. எடையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"எப்பலேருந்து ஊத்தின?"

"கதிர் எட்டிப் பாத்த அன்னிக்கு ஆரம்பிச்சேன். பதினோரு குடம். நடுவுல குழாய்ல தண்ணி வராத ரெண்டு நாள் ஊத்தல. மணி பிடிச்சதும் நிறுத்திட்டேன்."

"வெறும் பதினோரு குடமா? கதிர் வர்ற நேரத்துல ஊத்தினா இவ்வளவு வித்தியாசமா?" டேப் அக்காவின் முகத்தில் போன சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. "நோட்டை எடு. இதையும் நீயே எழுது. அடுத்த தடவை இதுக்குன்னே ஒரு பாத்தி போடணும்."

"அப்ப என்மேல கோபம் இல்லையாக்கா?"

"இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருக்கும். எழுது."

அடுத்த விதைப்பில் பெரியம்மாவின் நிலம் முழுக்கக் குள்ளன்தான். அம்மாவின் நிலத்தில் குள்ளனுக்கே இரண்டு பாத்தி. ஒன்றுக்கு வானம் தருகிற தண்ணீர் மட்டும். இன்னொன்றுக்குக் கதிர் வருகிற நேரத்தில் தினமும் ஒரு குடம். அந்தக் குடத்துக்குப் பொறுப்பு யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த வருடமும் மழை பாதியில் கையை விரித்துவிட்டது. ஆனாலும் பெரியம்மாவின் நிலத்தில் குட்டையான கம்பு பச்சையாக நின்றது, அவள் வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது. குடுகுடு குடத்தோடு மழைத் தண்ணீர்ப் பாத்தியைக் கடந்தபோது, "உனக்கு இல்ல, கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்தியில் ஊற்றினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

'மழை இல்லை. ஒரு குடம் ஊற்றியது நான்தான்' என்று எழுதிவிட்டு, பெரியம்மா வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.