சிரட்டையில் முளைத்த சீமைப்புல்

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மந்திரமூர்த்தி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பங்களாத் தோட்டத்துப் பாத்தியில் களை பிடுங்கினார்.

இருபது நாளைக்கு முன்புதான் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசாணி அந்தப் பாத்தியில் விதைக்க ஒரு பொட்டலம் புல்விதை கொடுத்திருந்தார். கப்பலில் வந்த சீமைப்புல். குளிர்ந்தால்தான் வளருமாம்.

"நான் வரும்போது பச்சையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு தோட்டக்காரன் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தார்.

மகள் தங்கபுஷ்பம் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். பாத்தியைப் பார்த்ததும் திகைத்து நின்றாள்.

"யப்பா, சீமைப்புல்லு எங்க?"

"இந்தா நிக்குல்லா!"

"இது அருகம்புல்லுல்லா!"

"ஏட்டி, கப்பல்ல ஏத்தி வரவழைக்கணும்னா, புள்ளையாருக்குப் போடுத புல்லாத்தான் இருக்கும். வேற புல்லுக்கு யாரு இம்புட்டுப் பாடுபடுவா?"

தங்கபுஷ்பம் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டுக்கு ஓடினாள். ஒரு சிரட்டையோடு திரும்பி வந்தாள்.

"பொட்டலத்துல நாலஞ்சு விதை ஒட்டிக் கிடந்துச்சு. முளைப்பாரி மாதிரி இதுல போட்டேன். வெறும் ஆத்து மணலு, வேற விதையே கிடையாது. அப்ப இதுதான அசலு?"

ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கியது. தண்டின் அடி இளஞ்சிவப்பாக இருந்தது.

மந்திரமூர்த்தியின் முகம் வெளுத்தது. "அய்யோ! இதைத்தானே களைன்னு பிடுங்கிப் போட்டேன்!"

இருவரும் களைக் குவியலைப் பார்த்தார்கள். சமையல்காரர் மசூதின் ஆடு அங்கே சுகமாக மென்றுகொண்டிருந்தது.

"மசூது மாமா! ஆட்டைப் பிடிங்க!"

மசூது கரண்டியோடு ஓடி வந்தார். "ஏ ஆடே, சீமைச் சாப்பாடு கேக்குதா உனக்கு?"

நல்லவேளை, சாரலில் வேர்கள் காயவில்லை. தங்கபுஷ்பம் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினாள். மினுங்கியது பாத்திக்கு, மினுங்காதது ஆட்டுக்கு.

"அருகம்புல்லைப் பிடுங்க எனக்குக் கை வரலையேட்டி" என்றார் அப்பா.

"மாலையாக் கட்டிப் புள்ளையாருக்கே போட்டுருவோம்ப்பா."

அன்று பிள்ளையாரின் மாலை தொப்பையைத் தாண்டித் தரையைத் தொட்டது.

இரண்டு வாரம் கழித்துத் துரைசாணி வந்தார். பச்சைப் பாத்தியைக் கண்டு சிரித்தார். "ஆனால், அந்த மூலை மட்டும் ஏன் மொட்டை?"

"அது ஆடு ருசி பார்த்த இடம்மா. நல்லா இருக்குன்னு சொல்லிச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தார். மூலைக்கென்று இன்னொரு பொட்டலம் விதை கொடுத்தார்.

மந்திரமூர்த்தி அதைப் பிரிக்கவே இல்லை.

"ஏட்டி தங்கம், மொதல்ல ஒரு சிரட்டை எடுத்துட்டு வா!"