ஐந்தே முக்கால் ஷேர் ஆட்டோ

நான்கு நாட்களாகச் செல்வி அக்கா சிரிக்கவே இல்லை.

இத்தனைக்கும் நடந்தது நல்ல விஷயம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இசக்கிசெல்விக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று சென்னையில், ஒன்று திருச்சியில். இரண்டிலும் அவள் ஆசைப்பட்ட அரசியல் அறிவியல் பாடமே. ஆனாலும் சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் இருந்த அந்தச் சின்ன வாடகை வீட்டில், யாரோ பரீட்சையில் தோற்றுப்போனதுபோல எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை சுகப்பிரியாவுக்கு இது விளங்கவில்லை.

"ரெண்டு மிட்டாய் கெடச்சா யாராச்சும் அழுவாங்களா எக்கா?"

"ரெண்டுமே தொண்டையில சிக்குற மிட்டாய்ட்டி" என்றாள் செல்வி.

சென்னைக் கல்லூரி பெரியது. அங்கே பெரிய நூலகம் உண்டு. மாணவர்களைச் சட்டசபைக்குக்கூட அழைத்துப்போய்க் காட்டுவார்களாம். ஆனால் விடுதியில் இடம் இல்லை. தினமும் ஒரகடத்திலிருந்துதான் போய் வரவேண்டும். திருச்சிக் கல்லூரியில் விடுதி இருந்தது. ஆனால் அப்பா விடுதி என்ற சொல்லையே காதில் வாங்கவில்லை.

அப்பா வேல்ராஜ் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பதினெட்டு வயதில் சங்கரன்கோவில் பக்கமிருந்து தனியாக இங்கே வந்தவர்.

"ஒரே ரூம்ல ஒம்பது பேரு கெடந்தோம். காய்ச்சல்ல படுத்தா கஞ்சி தர ஆளில்ல. நான் பட்டது போதும். எம்பிள்ள வீட்டுல இருந்துதான் படிக்கணும்" என்று முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கைப்பேசியில் ஏதாவது ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இரண்டு இடமும் போய்விடும்.

சுகப்பிரியா மனசுக்குள் அப்பா கட்சிதான். அக்காவும் அவளும் ஒரே பாயில்தான் தூங்குவார்கள். தூங்குமுன் அன்றைய செய்தித்தாளைப் பற்றி அவள் கேள்வி கேட்பாள், அக்கா பதில் சொல்வாள். திருச்சிக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

ஆனால் அக்கா சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

"எக்கா, செருப்புன்னாகூட ஒரு தடவ போட்டு நடந்து பாத்துட்டுத்தான வாங்குதோம்? காலேஜுக்கும் ஒரு நாள் போய்ட்டு வந்து பாப்போமே. நானும் வாரேன்."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நாட்களில் அவள் ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் இருவரும் கிளம்பினார்கள். ஐந்தே முக்காலுக்குக் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றது. ஏற்கெனவே ஆறு பேர் உள்ளே இருந்தார்கள்.

"சிங்கப்பெருமாள் கோவிலா? ஏறு பாப்பா, எடம் கீது!" என்றார் ஓட்டுநர் கண்ணப்பன்.

"எங்கண்ணே இருக்கு?"

"குந்துனா தானா வரும்."

குந்தினார்கள், இடம் வந்தது. கூடவே யாரோ ஒருவருடைய சாப்பாட்டுப் பையும் சுகப்பிரியாவின் மடிக்கு வந்தது. அதிலிருந்து எலுமிச்சைச் சாதம் மணத்தது. சுகப்பிரியா சிரித்தாள். செல்விகூட லேசாகச் சிரித்தாள்.

கொஞ்ச தூரத்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கம்பெனிப் பேருந்துகளும் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்குள் ஓடியபோது அவர்கள் பிடிக்கவேண்டிய ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டியை மட்டும்தான் பார்த்தார்கள்.

அடுத்த ரயிலில் உட்கார இடம் இல்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு கூட்டம் ஏறியது. தாம்பரத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. சுகப்பிரியாவின் மூக்குக்கு முன்னால் எழும்பூர்வரை ஒரு நீலப் பைதான் தெரிந்தது. செல்வி ஒரு கையால் கம்பியையும் மறுகையால் தங்கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றாள்.

பிறகு ஒரு பேருந்து. பிறகு நடை.

கல்லூரி வாசலை அடைந்தபோது மணி ஒன்பது பத்து.

"வகுப்பு எட்டரைக்கே தொடங்கிடும்மா. தெனமும் இப்படி வந்தா உள்ள வுட மாட்டாங்க" என்றார் காவலாளி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்று சேர்க்கைக்காக வந்தவர்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று விட்டார்கள். நூலகம் உண்மையிலேயே பெரியதுதான். செல்வி அலமாரிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள், முகர்ந்தாள், திரும்ப வைத்தாள். அவள் கண்கள் பளபளத்தன. சுகப்பிரியாவுக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

திரும்பும் வழியும் அதே கூட்டம்தான். ஷேர் ஆட்டோவில் செல்வி தங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்தபோது மாலை ஆறரை.

சுகப்பிரியா வழக்கம்போல் செய்தித்தாளை விரித்தாள். "எக்கா, ஆளுநருன்னா யாரு? அவருக்கும் ஓட்டுப் போடுவாங்களா?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள் செல்வி. தட்டில் பாதி தோசை இருக்கும்போதே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள்.

எதிர்ச் சுவரில் அப்பா சாய்ந்திருந்தார். கூடுதல் நேர வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவின் வாயைப் போலவே அவர் வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

சுகப்பிரியா இந்தச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு விடுமுறை. தேநீர் குடித்தபடியே அவர் பேச்சைத் தொடங்கினார்.

"நேத்துப் போய்ப் பாத்துட்டீங்கள்லா? அப்போ சென்னைக்கே போட்டிரு. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வீட்டுப் பிள்ள வீட்டுல இருக்கும்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். சென்னை என்றாலும் கஷ்டம், வேண்டாம் என்றாலும் கஷ்டம்.

"வீட்டுல இருக்க மாட்டாப்பா" என்றாள் சுகப்பிரியா.

"என்னட்டி சொல்லுத?"

"வீட்டுக்கு வருவா. ஆனா தூங்கிக்கிட்டே இருப்பா. ஒங்கள மாதிரி."

அம்மா சந்தனமாரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சுகப்பிரியா நிறுத்தவில்லை. "நான் எது கேட்டாலும் நீங்க நாளைக்கும்பீங்க. நேத்து அக்காவும் நாளைக்குன்னுட்டா. அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லப்பா. அவ திருச்சிக்குப் போகட்டும். அவ போனா எனக்கு யாருமே இல்லதான். ஆனா போகட்டும்."

அப்பா தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுகப்பிரியா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் மனசை உடைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அக்காவும் போகப்போகிறாள், அப்பாவும் கோபித்துக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு, அடியில் வாளியை வைத்து, அந்தச் சத்தத்துக்குள்ளேயே அழுதாள். வாளி நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"தண்ணிய வீணாக்காதட்டி" என்று வெளியே அம்மா சொன்னாள். அம்மாவின் குரலும் சரியாக இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்தார். நேராகச் செல்வியின் முன்னால் உட்கார்ந்தார்.

"திருச்சி ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தன பேரு?"

"மூணு பேருப்பா."

"கட்டில் உண்டா?"

"உண்டு."

"காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்கிடுவா?"

"வார்டன் இருப்பாங்க. பக்கத்துலயே ஆஸ்பத்திரி."

"எங்க ஒம்பது பேருக்கும் ஒரே ஃபேன்தான். அதுவும் ஓடாது" என்றார் அப்பா. பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. ஒனக்கு எது வேணுமோ அத அமுக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

செல்வி கைப்பேசியை எடுத்தாள். சென்னைக் கல்லூரியின் பெயர் மேலே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெரிய நூலகமும் சட்டசபையும் இனி அவளுக்கு இல்லை. கீழே இருந்த பெயரை அமுக்கினாள். "உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது" என்று வந்தது. செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குளியலறைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுகப்பிரியாவும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இடம் கெடச்சதுக்கு ஒரே வீட்டுல இவ்வளவு அழுகையா!" என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலை மாதம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் செல்வியைத் திருச்சிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். சுகப்பிரியா அங்கே அழவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அழுதாள். அன்று பாய் முழுக்க அவளுக்கே. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருண்டு பார்த்தாள். நன்றாகவே இல்லை.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவின் கைப்பேசியில் செய்தி வந்தது. சுகப்பிரியா பாய்ந்து எடுத்தாள்.

"ரூம்ல ஒருத்தி பயங்கரமாக் குறட்டை விடுறா. அப்படியும் நல்லாத் தூங்கினேன். எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். வகுப்பு ஒன்பதரைக்கு. நடந்தா அஞ்சு நிமிஷம்."

சுகப்பிரியா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்துப் பொறாமையும் பெருமையுமாகக் கத்தினாள்:

"எம்மா! அக்கா எட்டு மணி வரைக்கும் தூங்கியிருக்கா!"