வராத ஆமென்

ஊசிக்குப் பயம். நேற்று இறக்கத்தைப் பார்த்துப் பயந்தாள், முந்தாநாள் லாரியைப் பார்த்துப் பயந்தாள். அந்தப் பயங்கள் எல்லாம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. இன்றைய பயம் அப்படிப்பட்டதில்லை. காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே வந்து வயிற்றுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்றைக்குச் சுரங்கப்பாதை.

ஊசி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவர், "ஏதாவது சொன்னியாம்மா?" என்றுதான் கேட்பார்.

ஊசியின் சபையிலிருந்து ஒரு கூட்டமே சைக்கிளில் கிளம்பி, கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. பகலெல்லாம் மிதிப்பார்கள். சாயங்காலம் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு சபையின் ஹாலில் பாட்டு, ஜெபம், தூக்கம். மறுநாள் மறுபடி மிதிப்பார்கள். நர்ஸ் வேலை பார்க்கும் சித்தியோடு ஊசியும் வந்திருந்தாள்.

மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஒரு வேன் வரும். ஓட்டுவது பிளம்பர் மாமா. மிதிக்க முடியாதவர்கள் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அந்த இருக்கைக்கு 'அழுகுணி சீட்டு' என்று பெயர். பெயர் வைத்தவன் பிளம்பர் மாமாவின் பையன் டமாரம். அவனுடைய குரலைக் கேட்டவர்கள், அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே மாட்டார்கள்.

அந்த டமாரம்தான் காலையில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"சுரங்கத்துக்குள்ள ஒரு விளக்குகூட கிடையாதாம். வௌவால் மட்டும் தொங்குமாம். ஒவ்வொண்ணும் இத்தாம் பெருசு!"

அவன் கையை விரித்த வேகத்தில் ஜாம் பறந்து போய் சித்தியின் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"டேய், வௌவாலை இறக்கி வைடா. முதல்ல சாப்பிடு," என்றார் சித்தி. பிறகு ஊசியின் பக்கம் குனிந்து, "பயமா இருந்தா சொல்லுடா கண்ணு. வேன்ல போயிக்கலாம். வேன் மலையைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்துரும்," என்றார்.

ஊசி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். அழுகை வந்தால் அழுகுணி சீட்டு. அதற்கப்புறம் ஊருக்குத் திரும்பிப் போய், கடல் வரைக்கும் சைக்கிளிலேயே போனேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையாக ஓட்டும்போது முன்னால் போகிற பாஸ்டருக்குத்தான் ரோடு தெரியும். அவர் "குழி!" என்று கத்துவார். அடுத்தவர் "குழி!" என்பார். அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லி, குழி கடைசி ஆள் வரைக்கும் வந்து சேரும். கடைசி ஆள் மட்டும் குழி என்று சொல்லக் கூடாது. "ஆமென்!" என்று கத்த வேண்டும். அந்த ஆமென் காதில் விழுந்தால்தான் பாஸ்டருக்கு நிம்மதி. எல்லாரும் பின்னால் வருகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் பாஸ்டர் "மாடு!" என்று கத்தினார். வரிசை முழுக்க "மாடு! மாடு!" என்று வந்து, கடைசியில் "ஆமென்!" என்று முடிந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவர்கள் மறைகிற வரைக்கும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகக் கடைசியில் வருகிறவர் தபால்கார அண்ணன். இன்றைக்கு அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பாவம், அழுகுணி சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்டர், நான் கடைசியா வர்றேன்!" என்று குதித்தான் டமாரம். "என் ஆமென் எப்படி இருக்கும்னு பாருங்க!"

"பாக்கறதுக்கு என்னடா இருக்கு? பக்கத்து ஊருக்கே கேக்குமே," என்று பாஸ்டர் சிரித்தார். "சரி, வா. ஆனா ஊசியை விட்டுப் பின்தங்கக் கூடாது."

சுரங்கத்தின் வாசலில் எல்லாரும் சைக்கிளை நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் ரயில் போன சுரங்கம் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்குப் பாதை போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்து ஊசியின் முழங்காலைத் தொட்டது. அந்தப் பக்க வாசல் தெரியுமா என்று எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. நடுவில் வளைவாம்.

பெரியவர்களின் சைக்கிளில் பாட்டரி விளக்கு இருந்தது. ஊசிக்கும் டமாரத்துக்கும் பழைய சைக்கிள், அதில் டைனமோ. பின் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் விளக்கு எரியும். சக்கரம் நின்றால் விளக்கும் அணைந்துவிடும்.

பாஸ்டர் கண்ணை மூடிச் சின்னதாக ஜெபித்தார். "ஆண்டவரே, உள்ள போற எல்லாரையும் பத்திரமா வெளிய கொண்டு வாங்க."

"ஆமென்," என்றார்கள் எல்லாரும். ஊசியும் சொன்னாள், அவளுக்கே கேட்காத குரலில்.

உள்ளே நுழைந்தார்கள். முதலில் கொஞ்ச தூரம் பின்னாலிருந்து வெளிச்சம் துணைக்கு வந்தது. வளைவு வந்ததும் அதுவும் போய்விட்டது. மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சட்டைக் காலருக்குள் விழுந்து முதுகில் ஓடியது. ஊசி வீல் என்று கத்தினாள். நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை.

'இயேசப்பா, கூடவே வாங்க. கூடவே வாங்க,' என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். சித்தியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தாள்.

"தண்ணி!" என்று முன்னாலிருந்து பாஸ்டரின் குரல் வந்தது. "தண்ணி! தண்ணி!" என்று ஆள் ஆளாகத் தாண்டி வந்தது. சித்தியும் சொன்னார்.

"தண்ணி!" என்றாள் ஊசி.

சக்கரங்கள் குட்டையில் சளக் சளக்கென்று இறங்கி ஏறின. ஊசி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஆமென் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் விளக்கே இல்லை. இருட்டுதான் இருந்தது.

"ஊசி!" என்று முன்னாலிருந்து சித்தி கேட்டார். "டமாரம் வர்றானா?"

"வரல!" என்று ஊசி கத்தினாள். தன்னிடம் இருந்த அத்தனை குரலையும் திரட்டித்தான் கத்தினாள். ஆனால் அந்தச் சொல் சுவரில் மோதி, கூரையில் மோதி, வால் அறுந்து போய்ச் சேர்ந்தது.

"சரி சரி, வாங்க!" என்றார் சித்தி. "வரல" என்றது அவர் காதில் "வரான்" என்று விழுந்திருந்தது.

"வரல சித்தி! வரல!"

"வா வா, வெளிச்சம் தெரியுது!"

உண்மைதான். தூரத்தில் சில்லறைக் காசு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் போதும், வெயிலுக்குப் போய்விடலாம். அங்கே போய் பாஸ்டரிடம் சொன்னால் அவர் வந்து பார்த்துக்கொள்வார். ஊசியின் கால்கள் அதைத்தான் விரும்பின. மனமும் அதைத்தான் விரும்பியது. பொய் சொல்வானேன்?

ஆனால் அதுவரைக்கும் டமாரம் இருட்டில் தனியாக இருப்பானே. எல்லாரையும் வெளியே கொண்டு வாங்க என்றுதானே பாஸ்டர் ஜெபித்தார்? அதற்கு ஆமென் என்று அவளும்தானே சொன்னாள்?

பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் நின்றது. விளக்கு அணைந்தது.

ஐயோ, அந்த இருட்டு! கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். சித்தியின் சிவப்பு விளக்கு சின்னதாகிச் சின்னதாகிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வௌவால் மூக்கை உறிஞ்சாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தாள். தள்ளும்போது சக்கரம் சுற்றியதால் விளக்கு மங்கலாக எரிந்தது. குட்டையைத் தாண்டியதும் முதலில் ஒரு செருப்பு தெரிந்தது. அப்புறம் விழுந்து கிடந்த சைக்கிள் தெரிந்தது. அதற்கப்புறம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு டமாரம்.

"டேய், என்னடா ஆச்சு? அடிபட்டுச்சா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை. ஊருக்கே கேட்கிற குரல் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

"செயின்... கழண்டுருச்சு," என்றான் கடைசியில், காற்றாக. "நின்னேன். லைட்டு போயிருச்சு. கத்தலாம்னு பாத்தேன். வரவே இல்ல."

ஊசி நின்றதால் அவள் விளக்கும் மங்கி அணைந்தது. டமாரம் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். விரல் எல்லாம் ஐஸாக இருந்தது.

"எனக்கும் பயமாதான் இருக்கு," என்றாள் ஊசி. சொன்னதும், வயிற்றில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. "கையை விடு. ஒரு வேலை இருக்கு."

தடவித் தடவித் தன் சைக்கிளுக்கு ஸ்டாண்டைப் போட்டாள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நின்றது. டமாரத்தின் கையை எடுத்துப் பெடலில் வைத்தாள்.

"சுத்து. நிறுத்தாம சுத்து."

அவன் சுற்றினான். டைனமோ 'கிர்ர்' என்றது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. இருந்த இடத்திலேயே வெளிச்சம்!

"அட!" என்றான் டமாரம். அந்த 'அட'வில் கொஞ்சம் குரல் இருந்தது.

ஊசி ஹேண்டில்பாரைத் திருப்பி, விழுந்த சைக்கிளின் மேல் வெளிச்சம் படும்படி வைத்தாள். அதை நிமிர்த்தி, கறுப்புக் கிரீஸ் பிசுபிசுக்கச் செயினை எடுத்து மாட்டப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி மாட்டினாள். மறுபடி வழுக்கியது.

"கீழ்ப் பக்கம் மாட்டிட்டுப் பெடலைப் பின்னால சுத்தணும்," என்றான் டமாரம், கையை நிறுத்தாமல்.

"இது தெரியுமா உனக்கு? அப்புறம் ஏன் சும்மா உக்காந்திருந்த?"

"கண்ணு தெரிஞ்சாதானே!"

செயின் டக்கென்று உட்கார்ந்தது. ஊசி கன்னத்தைத் துடைத்தாள். கிரீஸ் கன்னத்துக்கு மாறியது.

"நீதானே காலையில வௌவால் கதை சொன்ன? உனக்குப் பயமே இல்லைன்னு நெனச்சேன்."

"பயமா இருந்துச்சு. அதான் சொன்னேன்," என்றான் அவன். "நீ பயந்தா, நான் பயப்படாத மாதிரி இருக்கும்ல?"

"நல்லா இருக்கே கதை! உன் பயத்தையும் சேத்து நான் பட்டேனா?"

டமாரம் சிரித்தான். மூக்கு ஒழுகிக்கொண்டே சிரித்தான். ஊசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் முன்னால போறேன்," என்றாள் அவள். "நான் சொன்னா நீ ஆமென் சொல்லணும். சொல்லலைன்னா திரும்பி வந்து குட்டுவேன்."

கிளம்பினார்கள். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது பின்னாலேயேதான் வந்தது. ஆனாலும் மிதித்தார்கள்.

"தண்ணி!" என்றாள் ஊசி.

"ஆமென்," என்று பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

"கல்லு!"

"ஆமென்."

"வௌவால்!"

"ஏய்!"

"சும்மா சொன்னேன். ஆமென் சொல்லு."

"ஆமென்!"

சில்லறைக் காசு தட்டு அளவு ஆயிற்று. தட்டு கதவு அளவு ஆயிற்று. அந்தக் கதவுக்குள் இரண்டு விளக்குகள் அவர்களை நோக்கி விரைந்து வந்தன. பாஸ்டரும் சித்தியும்.

சித்தி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "அவன் வரான்னு சொன்னியேடி! வெளிய போயி எண்ணிப் பாத்தா ரெண்டு பேரைக் காணோம். எனக்கு உயிரே இல்ல!"

"நான் வரலன்னு சொன்னேன் சித்தி."

"வரலன்னா சொன்ன?" சித்தி தலையில் அடித்துக்கொண்டார். "என் காதைக் கழட்டித்தான் போடணும். மன்னிச்சிருடா கண்ணு."

வெளியே வெயிலில் கண் கூசியது. எல்லாரும் சூழ்ந்துகொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். செயின் கழன்றுவிட்டது என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று ஊசி நினைத்தாள். டமாரத்தைப் பார்த்தாள்.

டமாரம் ஒரு அடி முன்னால் வந்தான். "செயின் கழண்டுச்சு. நான் பயந்துட்டேன். சத்தமே வரல," என்றான். "ஊசிதான் திரும்பி வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் அவன் தோளில் கை வைத்து, "வளைவுல எனக்கே பயமா இருந்துச்சுடா," என்றார். "உன்னைக் கடைசியில விட்டது என் தப்பு."

வேன் அங்கே காத்துக்கொண்டிருந்தது. பிளம்பர் மாமா மகனைப் பார்த்துவிட்டு, "என்னடா, இங்க ஏறிக்கிறியா?" என்று மெதுவாகக் கேட்டார். டமாரம் அந்த இருக்கையைப் பார்த்தான். பிறகு, வீங்கிய காலோடு அதில் இருந்த தபால்கார அண்ணனைப் பார்த்தான்.

"வேணாம்ப்பா. ஆனா அந்தச் சீட்டுக்கு வேற பேர் வைக்கணும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் தபால்கார அண்ணன். "காலையிலேருந்து என்னால தலையே நிமிர முடியல."

மறுபடி வரிசை கட்டினார்கள். இனிமேல் நேர் ரோடு, நல்ல வெயில். ஊசி போய்க் கடைசியில் நின்றாள்.

பாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நீ நிக்கிறது சந்தோஷம்தாம்மா. ஆனா உன் ஆமென் எனக்குக் கேக்காதே?"

"எனக்குக் கேக்கும்," என்று சொல்லிக்கொண்டே டமாரம் தன் சைக்கிளை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் "மேடு!" என்றார் பாஸ்டர். மேடு ஒவ்வொரு வாயாகத் தாண்டி வந்தது. டமாரம் திரும்பிப் பார்த்து, "மேடு!" என்றான்.

"ஆமென்," என்றாள் ஊசி.

டமாரம் அதை வாங்கி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "ஆஆஆமென்!" என்று ஒரு போடு போட்டான். மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தன.

"டேய்! காது!" என்று முன்னாலிருந்து பாஸ்டர் கத்தினார்.

"டேய், காது! டேய், காது!" என்று அது ஒவ்வொருவராகத் தாண்டிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஆமென் சொல்ல ஊசி தயாராக இருந்தாள்.