ஆமோஸின் பாதி

1687 செப்டம்பர் 12 அன்று, ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரில், கடற்கொள்ளையன் நெட் கோப்ளிக்குத் தூக்கு விதித்த பன்னிரண்டு ஜூரிகளில் கிடியன் டிராஸ்க்கும் ஒருவன்.

பொழுது சாயும் வேளையில் அவன் வீடு திரும்பியபோது மேசைமேல் பாதி ரொட்டிதான் இருந்தது. கத்தி பட்ட ரொட்டியில்லை. நெஞ்சோடு அழுத்திப் பிடித்து இரண்டாகப் பிய்த்தது. கப்பலில் கிடந்தவர்கள்தான் அப்படிப் பிய்ப்பார்கள்.

"யாரு வந்தா?"

"யாரு வருவா? நீதான் வந்தே," என்றாள் மனைவி டார்கஸ், மீனின் செதிளைச் சுரண்டியபடி. "முதுகக் காட்டி ஒக்காந்து தின்னே. கூப்பிடக் கூப்பிட வாயத் தொறக்காமப் போயிட்டே. பழைய சிநேகிதனத் தூக்குக்கு அனுப்பினா பசி எடுக்கும்போல."

காலையிலிருந்து அவன் நீதிமன்றத்தை விட்டு நகரவே இல்லை.

நாற்காலியில் மணல் ஈரமாக ஒட்டியிருந்தது. போர்ட் ராயலில் மணல் இல்லாத வீடு கிடையாது. ஆனால் இது வெள்ளை மணல். சிப்பித் தூள் கலந்த, பல்லில் நறநறக்கும் மணல். அதை அவன் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறான்.

தீர்ப்பைக் கேட்டதும் கோப்ளி கூண்டிலிருந்தே சிரித்தான். "ஜூரி ஐயா! உம்ம பங்காளி ஆமோஸ் எங்கே? எல்லாத்துலயும் பாதிக்குப் பாதியாச்சே, அந்த நாற்காலியில மட்டும் தனியா ஒக்காந்துட்டீரே?" சபை சிரித்தது. கிடியனும் சிரித்தான்.

இங்கிலாந்தின் டெவன் சீமை உழவன் மகன் கிடியன். பார்படோஸ் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டு, தப்பியோடி, ஹிஸ்பானியோலா தீவின் காட்டில் பட்டினியாகக் கிடந்தவனைத் தூக்கி நிறுத்தி, பச்சை விறகுப் புகையில் இறைச்சி வாட்டக் கற்றுக்கொடுத்தவன் ஆமோஸ் பெல். ஒரு பிஸ்கட்டை உடைத்துத் தின்று இருவரும் பங்காளிகள் ஆனார்கள். அந்தக் கடற்கொள்ளையர் கூட்டத்தில் அது கல்யாணத்தைவிடக் கெட்டியான கட்டு. உயிரோடு இருக்கும்வரை எல்லாவற்றிலும் பாதி. ஒருவன் செத்தால் முழுவதும் மற்றவனுக்கு.

ஸ்பானிய ஊர்களைச் சூறையாடித் திரும்பும் வழியில், ஒரு மணல்திட்டில் ஆமோஸ் காய்ச்சலில் விழுந்தான். "செத்துட்டான், என் கையால பொதைச்சேன்," என்று கிடியன் பைபிளில் கை வைத்தான். இந்த வீடு, கீழேயுள்ள மதுக்கடை, ஜூரி நாற்காலி எல்லாம் அந்த முழுப் பங்கில் வந்தவை. ஆனால் அன்று திட்டில் ஆமோஸின் கண் திறந்திருந்தது. "தண்ணியில பாதியாவது வச்சிட்டுப் போடா, பங்காளி." செத்தவனுக்கு யார் தண்ணீர் வைப்பார்கள்? கிடியன் குப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

இப்போது வீட்டுக்குள் வாடை பரவியது. பச்சை விறகுப் புகை, அதில் சொட்டும் கொழுப்பு. ரம் ஜாடியைத் தூக்கிப் பார்த்தான், பாதி. கூடத்தில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மாடியில் கட்டில் முனகியது, அவன் படுக்கும் பக்கம்.

"மேல தலையணை எல்லாம் நனைஞ்சு கிடக்கு," என்றாள் டார்கஸ். "மாத்திட்டு வரேன்."

"போகாதே."

"ஏன்யா, மேல யாரு இருக்கா?"

எல்லாவற்றிலும் பாதி. வீடு. கடை. இவள்.

"கடைக்குப் போ. நான் கூப்பிடாம வராதே."

அவள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். கிடியன் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றி எதிர் நாற்காலியின் முன் வைத்தான். அன்று வைக்காததை இன்று வைத்துவிட்டால் போதும் என்று எண்ணினான். பிஸ்கட் உடைத்தபோது சொன்ன வாசகத்தை மறுபடி சொன்னான்:

"உன்னுதுல பாதி எனக்கு. என்னுதுல பாதி உனக்கு."

அந்த வாசகத்தின் முதல் பாதியை அவன் யோசிக்கவில்லை.

மாடியில் முனகல் நின்றது.

படியில் காலடி. வெறுங்கால். ஒவ்வொரு அடிக்கும் மணல் உதிரும் ஓசை.

நாற்காலி இழுபட்டது.

அவன் தலை நிமிரவில்லை. தாகம். இதுவரை அறியாத தாகம், நாக்கின் வலப்பக்கம் மட்டும். வலது கண்ணில் நடுப்பகல் வெயில். கூடம் இருட்டு, அந்தக் கண்ணில் வெயில்.

கோப்பைக்குக் கை நீட்டினான். வலது கை அசையவில்லை.

மேசைமேல் அது கிடந்தது. கறுத்து. வாட்டிய இறைச்சிபோல் எலும்போடு ஒட்டி. விரலில் மோதிரம் இல்லை. நகக்கண்களில் வெள்ளை மணல்.

எதிரிலிருந்த இருட்டிலிருந்து இன்னொரு கை நீண்டது. சதைப்பிடிப்பான கை. அவனுடைய மோதிரம். அவனுடைய கை.

அது கோப்பையை எடுத்தது. நிதானமாகக் குடித்தது. பாதியை மிச்சம் வைத்து அவன் பக்கம் தள்ளியது.

நெட் கோப்ளியைப் புதன்கிழமை தூக்கிலிட்டார்கள். ஜூரியில் கிடியனின் இடத்துக்கு வேறொருவரை நியமித்தார்கள். டார்கஸ் கடையை நடத்தினாள். மேசையில் மூன்று தட்டுகள் வைத்தாள். கிடியன் சாகவில்லை.